கடலில் வேட்டை, கரையில் உழவு: ஒரு சோற்றுத் தட்டுக்கு எவ்வளவு எரிக்கிறோம்?

உப்பூரான்

நம் இணைய மன்றத்தின் வேறொரு இழையில் ஒருவர், விவசாயம் வந்த பிறகுதான் மனிதன் உலகத்தை எரிக்க ஆரம்பித்தான், அதற்கு முன்னால் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தின்ற காலத்தில் எல்லாமே சிக்கனம் என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் சண்டையாகிவிடும் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. வேட்டை-சேகரிப்பில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 10 முதல் 20 கிகாஜூல் வரை ஆற்றல் பயன்படுத்தினார்கள். அதில் வயிற்றுக்குள் போனது மூன்றரை. மிச்சத்தில் பெரும்பகுதி விறகு. உழவுச் சமூகங்களில் மாட்டுத் தீவனத்தையும் சேர்த்து 40 முதல் 70. இன்றைய தொழில் நாடுகளில் 150க்கு மேல். இதை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி போலத்தான் தெரியும்.

ஆனால் நம் ராமநாதபுரம் கரையில் இந்த மூன்று காலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது. ஆர்.எஸ். மங்கலம் பக்கம் மானாவாரி நெல். பாம்பனில் பாசி எடுக்கும் பெண்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகு. என் கேள்வி இதுதான்: மீன்பிடிப்பு என்றால் என்ன? விதைப்பதில்லை, தீனி போடுவதில்லை, எங்கே இருக்கிறதோ அங்கே தேடிப்போய்ப் பிடிக்கிறோம். அது வேட்டைதானே? அப்படியென்றால் நம் ஊரில் வேட்டை சிக்கனமா, உழவு சிக்கனமா?

கணக்குத் தெரிந்தவர்கள் வாங்க. டீச்சரைக் குறிப்பாகக் கூப்பிடுகிறேன்.

முண்டுவத்தல்

உழவு சிக்கனம் என்று எவன் சொன்னான்? டிராக்டருக்கு டீசல் போட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

தேரிக்காடு

உப்பூரான் தம்பி, "விவசாயத்துக்கு முன்" என்று சொன்னால் முதலில் கரையே எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். பாக் விரிகுடா பெரும்பாலும் 13 மீட்டருக்குள்தான் ஆழம். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. அதாவது இன்று தொண்டிக்காரர்கள் வலை விரிக்கிற இடம் அன்று தரை. மனிதர்கள் இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். இலங்கை ஃபாகியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கும் மலை அணிலும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள். நம் பக்கத்தில் சாயர்புரம், மெய்ஞானபுரம், குட்டம்புளி தேரிகளில் சிறு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. செம்மணல் தேரியில் நகக்கண் அளவுக்குச் சில்லுகள், அம்பு முனைக்கும் கத்தி விளிம்புக்கும் செதுக்கியவை.

அவர்களுக்கு உணவு தேட என்ன ஆற்றல் செலவானது? கால்தான். கலஹாரியில் 1960களில் ஆய்வு செய்தவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் உழைத்தால் போதும், சாப்பாடு கிடைத்துவிடுகிறது என்றார்கள். பிற்பாடு வந்தவர்கள், கொட்டை உடைப்பதும் விறகு சுமப்பதும் ஆயுதம் செய்வதும் உழைப்பில்லையா என்று கேட்டு அந்தக் கணக்கை உயர்த்தினார்கள். எப்படியிருந்தாலும் உழவன் வேலையைவிடக் கூடுதல் என்று சொல்ல முடியாது.

கணக்கு_டீச்சர்

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. ஓய்வுபெற்ற பிறகு இப்படி யாராவது கணக்குக் கொடுத்தால்தான் பொழுது போகிறது.

முதலில் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 8,600 கிலோகலோரி. ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,200 என்று வைத்தால், லிட்டர் டீசல் நாலு பேரின் ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முண்டுவத்தல் தம்பி, உங்கள் ஏக்கர் கணக்கைக் கொடுங்கள். உழவு, உரம், அறுப்பு, விளைச்சல். பணத்தில் வேண்டாம், லிட்டரிலும் மூட்டையிலும் சொல்லுங்கள்.

முண்டுவத்தல்

டீச்சர், நம்ம பக்கம் புழுதி விதைப்பு. ஆவணி புரட்டாசியில் உழுது விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். டிராக்டர் உழவு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 15 லிட்டர் என்று வைங்க. அறுப்பு மெஷினுக்கு ஒரு 10. யூரியா ஒரு மூட்டை, டிஏபி ஒரு மூட்டை. விதை 30 கிலோ. கண்மாய் பெருகினால் 900 கிலோ நெல் எடுக்கலாம். பெருகாவிட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது.

கணக்கு_டீச்சர்

டீசல் 25 லிட்டர்: 2,15,000 கிலோகலோரி.

யூரியாவைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கிறார்கள். 1913ல் ஜெர்மனியில் ஒப்பாவ் ஆலையில் தொடங்கிய வேலை. நம் நாட்டு ஆலைகளில் ஒரு கிலோ யூரியாவுக்குச் சுமார் 5,500 கிலோகலோரி பிடிக்கிறது. இப்போது மூட்டை 45 கிலோ. ஆக ஒரு மூட்டைக்கு 2,47,500. அதாவது தம்பி, நீங்கள் தோளில் தூக்கிப்போகும் அந்த வெள்ளை மூட்டைக்குள் 29 லிட்டர் டீசல் இருக்கிறது. உழவுக்கும் அறுப்புக்கும் சேர்த்து ஊற்றியதைவிட அதிகம்.

டிஏபி, விதை, மருந்து எல்லாம் சேர்த்து இன்னொரு 2 லட்சம் போடுகிறேன். மொத்தம் ஆறரை லட்சம். 900 கிலோ நெல்லில் 600 கிலோ அரிசி, 21 லட்சம் கிலோகலோரி. ஒன்று போட்டால் மூன்று வருகிறது.

1973ல் டேவிட் பிமென்டலும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்க மக்காச்சோளத்துக்குப் போட்ட கணக்கு நினைவுக்கு வருகிறது. 1945ல் ஒன்றுக்கு 3.7, 1970ல் 2.8. நம் மானாவாரி வயல் தன் பாட்டுக்கு அந்தப் பெரிய பண்ணைக்காரர்களோடு பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நியூ கினியில் செம்பாகா மக்களின் தோட்டங்களை 1960களில் அளந்தபோது ஒன்றுக்கு 16 வந்தது. கையும் மண்தோண்டும் கம்பும் மட்டும்தான் அங்கே.

முண்டுவத்தல்

29 லிட்டரா! வாங்கும்போது மானிய விலையில் வாங்கிவிடுகிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதேயில்லை.

எங்கள் அப்பா காலத்தில் யூரியா கிடையாது, ஆட்டுக்கிடைதான். ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆட்டைக் கொண்டுவந்து கிடை போடுவார்கள். பட்டியை ராவெல்லாம் ஒரு இடம், மறுநாள் கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம் என்று மாற்றி மாற்றி வைத்து வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழும்படி பார்ப்பார்கள். சம்பளம் நெல்லாக. கோடையில் அந்த ஆடுகள் தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தே போகும். தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மேய்ந்ததை வயலில் கொண்டுவந்து இறக்குகிறதே, அதற்கு டீசல் ஏது? இன்றும் சில ஊரில் உண்டு. ஆனால் மேய்க்க இடம் இல்லை, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல்.

பாம்பன்_வள்ளம்

நான் நாட்டுப்படகுக்காரன். வேட்டை என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, உள்ளது அதுதான்.

எங்க அய்யா பாய் வைத்து ஓடியவர். எங்களுக்கு வடகடல் (பாக் விரிகுடா) ஒன்று, தென்கடல் (மன்னார் வளைகுடா) ஒன்று. வாடை அடிக்கும் மாசங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் தலைகீழ். அதனால் வருஷத்தில் பாதி அந்தக் கரை, பாதி இந்தக் கரை. காற்றை எதிர்த்து யாரும் போகவில்லை, காற்று எந்தப் பக்கம் விட்டதோ அங்கே தொழில். பாய்க்கும் வலைக்கும் பருத்தி நூல்தான் செலவு.

இன்று எஞ்சின் வைத்து ஒரு தடவை போய் வர 15 லிட்டர். 60 கிலோ கிடைத்தால் நல்ல நாள். டீச்சர், இதற்கும் போடுங்க.

கணக்கு_டீச்சர்

போட்டேன். எரிந்தது 1,29,000. மீனில் முள்ளும் தலையும் கழித்துத் தின்கிறது பாதிக்குக் கொஞ்சம் மேலே. கிலோவுக்கு 1,100 என்று வைத்தால் 36,000. மூன்றரை எரித்து ஒன்று எடுக்கிறீர்கள். வயலில் ஒன்று போட்டு மூன்று எடுக்கிறார்கள் என்றால், கடலில் அப்படியே திருப்பி.

கரைவலைக்கும் மனக்கணக்காகப் பார்த்தேன். 30 பேர் அரை நாள் இழுக்க ஆளுக்கு 1,200 கூடுதலாகச் செலவானாலும் 36,000. 200 கிலோ சூடை மீன் விழுந்தால் 1,32,000. மூன்றரை மடங்குக்கு மேல் கைக்கு வருகிறது. கிட்டத்தட்ட அதே மீன், அதே கடல். நடுவில் எஞ்சின் வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது.

விசைப்படகு_ராமேஸ்வரம்

வந்தாச்சு. கடைசியில் எங்களைத்தான் திட்டப்போகிறீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். ஒரு இரவு போய் வர 400 லிட்டர். நல்ல பாடு என்றால் 500 கிலோ, அதில் பாதி சங்காயம், சாப்பாட்டுக்கு ஆகாத பொடிமீன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் டீச்சர். மீனை அரிசியோடு கலோரியில் நிறுத்துவது என்ன நியாயம்? கலோரிக்காகவா மீன் சாப்பிடுகிறோம்? புரதம், கொழுப்பு, இரும்புச்சத்து. அப்படிப் பார்த்தால் முண்டு மிளகாயை யாரும் கலோரிக்காகத் தின்பதில்லை, அதை ஏன் பயிர் செய்ய வேண்டும்?

கணக்கு_டீச்சர்

நியாயமான கேள்வி. புரதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உலக மீன்பிடிப்பு முழுவதற்கும் 2005ல் ஒரு கணக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் உலகத்துப் படகுகள் எரித்தது 5,000 கோடி லிட்டர், கரை சேர்ந்த மீன் சுமார் 8 கோடி டன். டன்னுக்கு 620 லிட்டர். தின்னக்கூடிய புரதத்தில் இருக்கும் ஆற்றலைப்போல பன்னிரண்டரை மடங்கு எரிபொருள். உங்கள் படகு டன்னுக்கு 800. உலகச் சராசரிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

உங்கள் தொல்லை சங்காயத்தில் இருக்கிறது. அதைக் கழித்தால் 250 கிலோ மீனுக்கு 400 லிட்டர். கலோரியில் பார்த்தால் 23 எரித்து ஒன்று.

பாம்பன்_வள்ளம்

//பாதி சங்காயம்//

அந்தச் சங்காயம் எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கண்ணே. வெயிலில் காயப்போட்டுப் பொடியாக்கிக் கோழித்தீவனத்துக்கு. விரல் நீளத்துக்குக் குஞ்சு நண்டு, குஞ்சுக் கணவாய், சின்ன முரல், எது என்று பிரிக்க முடியாமல் ஒட்டிக் குழைந்து கிடக்கும். டீசல் எரித்து வேட்டையாடி, அதைக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழியை நாம் வாங்கித் தின்கிறோம்.

விசைப்படகு_ராமேஸ்வரம்

தம்பி, சங்காயம் விற்ற காசில்தான் பாதி டீசல். அது இல்லாவிட்டால் படகு கட்டிக் கிடக்க வேண்டியதுதான். கடலுக்குப் போக வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு, நாலு நாள் உங்களுக்கு. அதுபோக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மிச்ச நாளில் தான் கடனை அடைக்கணும். வரிவிலக்கு டீசல் வருஷத்துக்கு 19,000 லிட்டர் ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் போதவில்லை.

உப்பூரான்

19,000 லிட்டரை டீச்சரின் அளவுகோலில் போட்டால் கிட்டத்தட்ட 200 பேரின் ஓராண்டுச் சாப்பாடு வருகிறது. ஒரு படகுக்கு.

அப்படியானால் நான் கேட்டதற்கு விடை கிடைக்கிறது போலத் தெரிகிறது. இந்தக் கரையில் இருப்பதிலேயே பழைய வழி வேட்டை. இன்று அதிகமாக எரிப்பதும் அதுதான். புதிய வழி உழவு, அது பரவாயில்லை. "விவசாயம்தான் குற்றவாளி" என்ற அந்த இழைக்காரர் இதைப் படிக்க வேண்டும். உழவுக்கு முன்னா பின்னா என்பது இரண்டாவது கேள்வி, எஞ்சினுக்கு முன்னா பின்னா என்பதே முதல் கேள்வி.

கீழக்கரை_லாத்தா

ஆம்பளைங்க எல்லாரும் வயலையும் கடலையும் அளந்துகொண்டிருக்கிறீர்கள், டீச்சர் உள்பட. அடுப்பை யார் அளப்பது?

என் மாமியார் வீட்டில் விறகடுப்பு. ஒரு கிலோ அரிசி வடிக்க ஒரு கிலோவுக்குக் குறையாமல் விறகு போகும். மழைக்காலத்தில் ஈர விறகு என்றால் ஊதி ஊதிக் கண்ணே போய்விடும். தொதல் என்கிற இனிப்பைக் கிண்டுகிற அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் போட்ட சட்டியில் எண்ணெய் பிரிந்து, கரண்டியைத் தூக்கினால் ஒட்டாமல் சுருண்டு விழுகிற வரைக்கும் இறக்க முடியாது. மணிக்கணக்கில் ஒரே சீராகத் தீ எரியணும். ஒருத்தர் கிண்ட, ஒருத்தர் விறகு தள்ள.

கணக்கு_டீச்சர்

லாத்தா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 முதல் 4,000 கிலோகலோரி. அரிசியிலும் கிலோவுக்கு 3,500தான். ஆக, சோற்றில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் அடுப்பிலேயே எரித்துவிடுகிறோம். மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் சட்டிக்குப் போகிறது, மிச்சம் புகையாகவும் சுவர் சூடாகவும் போய்விடுகிறது. அந்த விறகைச் சேர்த்தால் முண்டுவத்தல் தம்பியின் மூன்று மடங்கு லாபம் உடனே சரிந்து முக்காலுக்கு முன்னே பின்னே வந்துவிடும், போட்டதுகூடத் திரும்பாது. வேட்டை-சேகரிப்பில் 10 முதல் 20 கிகாஜூல் என்று உப்பூரான் சொன்னதில் பெரும்பகுதி விறகு என்பதற்கும் இதுதான் காரணம்.

சிலிண்டர் வந்த பிறகு அடுப்பில் எரியும் ஆற்றல் நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் விறகு வேலியில் முளைத்தது, காஸ் கப்பலில் வருகிறது. எது குறைவு என்பது, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தேரிக்காடு

அந்தக் காலத்தது எல்லாம் சிக்கனம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர். ஆறரை லிட்டர் தண்ணீரை ஆவியாக விரட்ட வேண்டும். நல்ல அடுப்பிலும் அஞ்சு கிலோ விறகுக்குக் குறையாது. கருப்பட்டிக்குள் இருப்பதைப்போல அஞ்சு மடங்கு அடுப்பில் போகிறது. பனை சும்மா நிற்கிறது, ஆனால் அதன் இனிப்பு சும்மா வருவதில்லை.

நேர்மாறாக உப்பும் கருவாடும். வாலிநோக்கம் உப்பளத்தில் தண்ணீரை விரட்டுவது வெயில். அந்த ஆற்றலை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சங்க காலத்து உமணர்கள் வண்டியில் உப்பேற்றிப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள் என்றால், வெயிலை விற்று நெல் வாங்கினார்கள் என்றுதான் அர்த்தம்.

முண்டுவத்தல்

வெயிலை விற்பது இப்போது பெரிசாகவே நடக்குது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். நாங்கள் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறோம், அதில் பாதிக்கு மேல் புகையாகவே போகிறது. நாலைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி. மழை பொய்த்த வருஷம் நெல்லைவிட அதுதான் சோறு போட்டது, மறுக்கவில்லை.

உப்பூரான்

இன்னொரு சந்தேகம். ரேஷன் அரிசி டெல்டாவிலிருந்தும் வெளியிலிருந்தும் லாரியில் வருகிறது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிக்கும் வரை ரங்கூன் அரிசி கப்பலில் வந்தது. தூரத்திலிருந்து வருவதால்தானே செலவு ஏறுகிறது? உள்ளூர்ச் சாப்பாடு என்று எல்லாரும் சொல்வது அதற்குத்தானே?

கணக்கு_டீச்சர்

பத்து டன் லாரி 300 கிலோமீட்டர் வர 75 லிட்டர். 6,45,000 கிலோகலோரி. ஏற்றிவந்த அரிசியில் இருப்பது மூன்றரைக் கோடி. இரண்டு சதவீதம்கூட இல்லை தம்பி. கப்பலுக்கு அதைவிடக் குறைவு. உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன, இது அதில் வராது. நம் பக்கத்துக் கடலில் பிடித்த இறால் பல நூறு மைல் தள்ளி விளைந்த அரிசியைவிட எத்தனையோ மடங்கு எரித்துக்கொண்டுதான் தட்டுக்கு வருகிறது. ஐஸும் இருக்கிறது, ஒரு டன் ஐஸ் கட்டவே 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம்.

கீழக்கரை_லாத்தா

மாசிக்கும் (அவித்துக் காயவைத்த சூரை) கருவாட்டுக்கும் ஐஸ் வேண்டாம். சொல்லிவைத்தேன்.

பாசிக்காரி

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போவேன், இன்றைக்கு எழுதுகிறேன். எங்க ஊர் பாம்பன் சின்னப்பாலம். எங்க அம்மா மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர், நானும் போயிருக்கிறேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்குவோம். பாறையில் கை உரசினால் துணி கிழிந்து சதை தெரியும். நீங்கள் சொல்லும் வேட்டை-சேகரிப்பு இந்தக் கரையில் அசலாக மிஞ்சியிருப்பது எங்களிடம்தான். ஆனால் நாங்கள் எடுப்பது எங்கள் வயிற்றுக்கு இல்லை. அகர் என்கிற கூழ்ப்பொருள் செய்ய ஆலைக்குப் போகிறது, அங்கே கொதிக்கவைக்கிறார்கள். 1986ல் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு போக வரவும் பயம். டீச்சர், இதில் என் உழைப்பை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

கணக்கு_டீச்சர்

எடுப்பது வரை செலவு உங்கள் உடம்பு, அதற்குப் பிறகு ஆலையின் கொதிகலன். உணவுக் கணக்கில் அதை எழுத எனக்கு ஒரு பத்தி இல்லை. கேட்டது சரியான கேள்வி. கிலோகலோரியில் கை கிழிவது தெரியாது.

விசைப்படகு_ராமேஸ்வரம்

எல்லாம் சரி. அப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இழுவைமடி வலையை விடு என்றால் 2017ல் ஒரு திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகு, 70 சதவீதம் மானியம், தூண்டில் போட்டுச் சூரை பிடிக்க ஆழ்கடலுக்குப் போகணும். ஆழ்கடல் என்றால் போய் வரவே எத்தனை டீசல்? மடியை இழுக்கிற டீசல் மிச்சமாகும், ஓடுகிற டீசல் கூடும். அதையும் கணக்குப் போட்டுச் சொன்னால் நான் யோசிப்பேன்.

பாம்பன்_வள்ளம்

அண்ணே, எஞ்சினை விட்டுப் பாய்க்குத் திரும்ப நான் தயார்தான். பாதித் தூரத்துக்காவது. காற்று பின்னாலிருந்து தள்ளுகிற நாளில் எஞ்சினே வேண்டாம். என்னைத் தடுப்பது காற்று இல்லை, ஏலம். விடியலில் கரை சேர்ந்தால் ஒரு விலை, வெயில் ஏறிவிட்டால் பாதி விலை. முன்பணம் கொடுத்த வியாபாரி கரையில் நின்று போன் போட்டுக்கொண்டே இருப்பார். அய்யா காலத்தில் வந்த நேரம் வந்தது, விற்காத மீன் கருவாடு ஆனது. இப்போது 15 லிட்டரில் ஒரு 5 லிட்டர் கடலுக்கு இல்லை, நேரத்துக்கு எரிக்கிறேன்.

முண்டுவத்தல்

அறுப்பு மெஷினும் அதே கதைதான் வள்ளத்தாரே. ஆள் கிடைக்காது என்பது பாதிதான் உண்மை. பக்கத்து வயலில் மெஷின் இறங்கிய அன்றே நம்ம வயலிலும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது திரும்ப வராது.

கணக்கு_டீச்சர்

விசைப்படகுத் தம்பி, போகிற தூரம், நாட்கள், பிடிபட்ட சூரை எடை, இந்த மூன்றையும் அந்தப் படகு வாங்கிய யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். சங்காயம் எவ்வளவு என்பதையும். சூரையில் சங்காயம் இருக்காது என்று நினைக்கிறேன், அது ஒன்றே கணக்கைப் பெரிதாக மாற்றும்.

விசைப்படகு_ராமேஸ்வரம்

தடைக்காலத்தில் அவர்களும் கரையில்தான் இருப்பார்கள். கேட்டுப் போடுகிறேன். இழையைப் பூட்டிவிட வேண்டாம்.